சிங்கத்தின் ராஜினாமா

என் மச்சான் எங்கள் நிகழ்ச்சியை விட்டுப் போகப்போவதை மேடையில் வைத்துத்தான் என்னிடம் சொன்னான். அப்போது அவன் சிங்கமாக இருந்தான். நான்கு காலில் நிற்கிற ஒரு சிங்கம் "நான் வேலையை விட்டுப் போறேன் மொதலாளி" என்றால் அதை எந்த மடையன் நிஜம் என்று எடுத்துக்கொள்வான்? நான் எடுத்துக்கொள்ளவில்லை. அறை நிறைந்த சனத்துக்கு முன்னால் அவனை நானே வாழ்த்தி, எல்லோரையும் கைதட்ட வைத்து, வழியனுப்பி வைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் "அதெப்படி உங்களுக்குப் புரியாமல் போச்சு?" என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எங்கள் தொழில் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழில் என்றால் சோறு போடுகிற தொழில் இல்லை. எனக்குச் சோறு போடுவது குளியலறைச் சாமான் விற்கிற ஷோரூம். வாஷ்பேசின், ஷவர், கமோடு என்று பளபளவென்று அடுக்கி வைத்திருப்போம். அவற்றுக்கு நடுவில் டை கட்டிக்கொண்டு நான் நிற்பேன். மச்சான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறான். இந்த ஊரில் வயதானவர்கள் பாதிப் பேர் சிரிப்பது அவன் கைவேலை. அந்தச் சிரிப்பை வெளியே கொண்டுவருவது நான் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் மேடை ஏறுவோம். எழுதி வைத்து, மனப்பாடம் செய்து நடிக்கிற நாடகம் இல்லை. படித்தவர்கள் இம்ப்ரோவ் என்பார்கள். நாங்கள் 'இட்டுக்கட்டு' என்போம். சனம் ஒரு இடத்தையோ ஆளையோ சொல்லும். அந்த நிமிஷத்தில் எங்கள் வாயில் வருவதுதான் கதை. அடுத்து என்ன வரும் என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதில் ஒரே ஒரு சட்டம்தான். கூட நடிக்கிறவன் எதைச் சொன்னாலும் அதுதான் உண்மை. அவன் என்னைப் பார்த்து "வாங்க டாக்டர்" என்றால் நான் டாக்டர். "என்னம்மா, முழுகாம இருக்கீங்களா?" என்றால் நான் முழுகாமல் இருக்கிற பெண், இந்த மீசையோடு. "நான் எங்கே டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், காட்சி அங்கேயே படுத்துவிடும். ஆமாம் போட வேண்டும், போட்டுவிட்டு மேலே ஒன்று சேர்க்க வேண்டும். இல்லை என்ற சொல்லே மேடையில் கிடையாது.

இந்தப் பழக்கம் மேடையோடு நின்றால் பரவாயில்லை. ஒருநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து "நீங்கதானே பிளம்பர்? ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார். புதிதாகக் குடிவந்தவர், என்னைத் தெரியாது. நான் "டிராஃபிக்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் வீட்டு சிங்குக்கு அடியில் வெகுநேரம் படுத்திருந்தேன். நிஜப் பிளம்பர் வந்ததும் அவருக்கு உதவியாள் ஆனேன். ஷோரூமுக்கு அன்று அரை நாள் லீவு.

ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறைதான் எங்கள் அரங்கம். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். மேஜையை ஓரம் தள்ளி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டால் மேடை தயார். கரும்பலகைக்குப் பக்கத்தில், பாடம் நடத்துவதற்காகக் குறுக்கே அறுத்து வைத்த ஒரு கார் இன்ஜின் இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. அதனால் எங்கள் காட்சி அரண்மனையில் நடந்தாலும் ஆபரேஷன் தியேட்டரில் நடந்தாலும் ஓரத்தில் ஒரு இன்ஜின் நிற்கும். ஸ்கூல் ஓனர் நல்ல மனிதர், வாடகை கேட்டதில்லை. பதிலுக்கு விளக்கைப் போடுகிற, அணைக்கிற உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். காட்சி முடிந்தது என்று அவர் மனசுக்குப் பட்டால் சுவிட்சைத் தட்டிவிடுவார்.

ஆட்களை எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஷோரூமில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றால் போதும். ஒருநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார். காட்சிக்கு வைத்திருந்த கமோடு ஒவ்வொன்றிலும் மூடியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து "இதுல மனசு ஒட்டல" என்று அடுத்ததுக்குப் போவார். அவர் மனைவி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். அந்த வாரமே அவர் என் உருவில் எங்கள் மேடைக்கு வந்துவிட்டார், சிங்காசனம் தேடுகிற ராஜாவாக. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தப் பெரிய மனிதர் சிரிப்புக் காட்டவே இல்லை, அதுதான் விஷயம். மிச்ச ஆயுசு முழுக்கக் காலையில் போய் உட்காரப்போகிற இடம். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒருத்தன் எதையாவது அவ்வளவு ஆசையாக வேண்டி நின்றால் நமக்குச் சிரிப்பு தானாக வரும். அவன் மட்டும் சிரிக்கக் கூடாது. "பார், இப்ப எப்படிச் சிரிக்க வைக்கிறேன்" என்று வரிந்து கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் நாலு பேர் அப்படிக் கிளம்புவார்கள். ஐந்தாவது ஆளாக நானும் கிளம்புவேன் என்பது வேறு விஷயம்.

மேடையில் நான் வெளுத்து வாங்குவேன். மச்சான் ஒன்றும் பெரிதாகச் செய்ய மாட்டான். வருவான், ஒரு வரி சொல்வான், ஒதுங்கி நிற்பான். கைதட்டல் எனக்கு விழும்போது அவனும் சேர்ந்து தட்டுவான். பாவம், பையனுக்கு வராது, நம்மோடு ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று பெரிய மனசு பண்ணிக் கூட வைத்திருந்தேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

சரி, சிங்கத்துக்கு வருகிறேன்.

அன்று "எந்த இடம்?" என்று சனத்தைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா "சர்க்கஸ்!" என்று கத்தினார். நான் கார் ஓட்டும் பரீட்சைக்கு வைக்கிற ஆரஞ்சுக் கூம்பை ஒலிபெருக்கியாகப் பிடித்துக்கொண்டு சர்க்கஸ் முதலாளி ஆனேன். திரும்பிப் பார்த்தால் மச்சான் நான்கு காலில் மேஜைமேல் நிற்கிறான். தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினான். பிடரி இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அவனுக்கு நிஜத்தில் முன்மண்டை வழுக்கை.

"மொதலாளி, கொஞ்சம் தனியா பேசணும்."

"பேசு சிங்கமே. மெதுவா பேசு. கரடி காதுல விழுந்தா அதுவும் பேச ஆரம்பிச்சிரும்."

"நான் வேலையை விட்டுப் போறேன் மொதலாளி. இந்த மாசக் கடைசியோட சரி."

சனம் சிரிக்க ஆரம்பித்தது. நான் விடுவேனா?

"அப்பாடா! எத்தனை வருஷமா இந்த வார்த்தைக்காக காத்துக்கிட்டு இருந்தேன்! எங்கே போறே, காட்டுக்கா?"

"காடு மாதிரிதான். வேற ஊரு. ஒருத்தரையும் தெரியாது. பெரிய கம்பெனி, பல் வேலை."

"சிங்கத்துக்குப் பல் வேலை! இதைவிட பொருத்தமா யாருக்கு கெடைக்கும்!"

கூரை பிய்த்துக்கொண்டு போனது. மச்சான் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தான். காத்திருக்க அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா? தனியா நின்னு கொட்டாவி விட்டாக்கூட கூட்டம் வரும்! இத்தனை நாளா உன் பிடரி மறைச்சதுல என் மூஞ்சியே யாருக்கும் தெரியல."

"அப்ப உங்களுக்கு வருத்தம் எதுவும் இருக்காதே?"

"வருத்தமா!" நான் கூம்பைச் சனத்தின் பக்கம் திருப்பினேன். "இந்தச் சிங்கம் போறதுல இங்கே யாருக்காவது வருத்தமா? எல்லாரும் கையைத் தட்டுங்க! சந்தோஷமா போகட்டும்!"

தட்டினார்கள். மச்சான் மேஜையிலிருந்து இறங்கி, தவழ்ந்து வந்து, என் முழங்காலில் தலையை வைத்து முட்டினான். குனிந்து பார்த்தேன், கண்ணில் தண்ணீர் நின்றது. அடடா, என்னமாய் நடிக்கிறான், இந்த வித்தையை என்னிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறானே என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. வழுக்கையைத் தடவிக் கொடுத்தேன். ஓனர் விளக்கை அணைத்தார். அப்படி ஒரு கைதட்டல் நாங்கள் அதுவரை வாங்கியதே இல்லை.

பிறகு நாற்காலிகளை எடுத்து அடுக்கும்போது "ரொம்ப நன்றி மாமா" என்றான்.

"எதுக்குடா?"

"இன்னைக்கு நீங்க பேசினதுக்கு."

"நான் எப்பவும் அப்படித்தானே பேசுவேன்" என்றேன், அடக்கமாக.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வேலைக்குக் கிளம்புவதற்காகப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்பதால் என் புலம்பலுக்கு அவளிடம் மிச்சமாக எதுவும் இருக்காது. அன்று அவள் குரல் குழைந்திருந்தது.

"தம்பி போன் பண்ணினான். எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டானாமே."

நுரையோடு "ம்" என்றேன்.

"அவன் வேற ஊருக்குப் போறதைக் கேட்டதும் நீங்க சிரிச்ச முகமா வாழ்த்தினீங்களாம். எல்லாரையும் கை தட்டச் சொன்னீங்களாம். நான்தாங்க ஒரு வாரமா பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். இந்த மனுஷன் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுவாரு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாருன்னு. உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன்."

நுரையை முழுங்கிவிட்டேன். சிங்கம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மாசக் கடைசி. வேற ஊரு. பெரிய கம்பெனி. அட பாவி! சிங்கத்துக்கு எதற்கடா மாசக் கடைசி? அதையாவது கவனித்திருக்கக் கூடாதா நான்?

"என்ன சொல்றே? எங்கே போறான்?" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வந்து என் தோளில் கை வைத்தாள். என்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. வழக்கமாக அவள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

"ஆமா" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "பையன் முன்னேற வேண்டாமா? நான்தான் போடா, தைரியமா போன்னு சொன்னேன்."

ஆமாம் போட்டு, மேலே ஒன்று சேர்த்தும் விட்டேன். இந்தப் புத்தியை என்ன செய்வது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஸ்திரிக்குத் திரும்பினாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அழுதேன். பொய் சொல்வானேன், விக்கி விக்கி அழுதேன். அவன் இல்லாத சனிக்கிழமையை நினைத்துப் பார்க்க முயன்றேன், ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற அவன் லேபுக்கே போனேன். போகாதே என்று நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு. உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவுப் பூச்சு. யார் யாருடைய வாய்களோ மாவுக்கட்டில் அச்சாகி அலமாரி முழுக்கத் திறந்தபடி வரிசையாக இருந்தன. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து, சுழல்கிற மோட்டாரில் ஒரு பல் செட்டை மெருகு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து, தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"மாமா, நேத்து ராத்திரிதான் நான் நிம்மதியா தூங்கினேன்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு மூணு தடவை ஷோரூம் வாசல் வரைக்கும் வந்துட்டேன். நீங்க கமோடு மூடியைத் தொடைச்சுக்கிட்டு இருப்பீங்க. பார்த்துட்டுத் திரும்பிடுவேன்."

"ஏன்டா? நான் என்ன கடிச்சா முழுங்கிடுவேன்?"

"நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போயிருக்க மாட்டேன் மாமா. அதான் மேடையில வெச்சு சொன்னேன். அங்கேதான் உங்களால வேணாம்னு சொல்ல முடியாதே."

எப்படி இருக்கிறது பாருங்கள். என் சட்டத்தை வைத்தே என்னை மடக்கியிருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முதல்ல எனக்கு சந்தேகமாதான் இருந்துச்சு. விளையாட்டுன்னு நெனைச்சுட்டீங்களோன்னு. அப்புறம் உங்க கண்ணைப் பார்த்தேன். மனசாரத்தான் சொல்றீங்கன்னு தெரிஞ்சுது."

"கண்ணுல தெரிஞ்சுதா?"

"நல்லா தெரிஞ்சுது மாமா."

"ஆமா" என்றேன். "கண்ணுலதான் வெச்சிருந்தேன்."

புது இடத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே பல் செட் பிரிவு முழுவதற்கும் அவன்தான் பொறுப்பு. இங்கே அவன் வேலையைப் பார்த்து டாக்டரைத்தான் புகழ்வார்கள். அங்கே அவன் சொன்னால் நாலு பேர் கேட்டுச் செய்வார்கள். அவன் மனைவி வீட்டுச் சாமான் கட்டவே ஆரம்பித்துவிட்டாளாம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்தேன். அவன் கையிலிருந்த பல் செட் மட்டும் என்னைப் பார்த்து இளித்தது.

சரி, போகிறவன் போகட்டும், வேறு ஆளா இல்லை என்று நினைத்தேன். டிரைவிங் ஸ்கூல் ஓனரைக் கூப்பிட்டு, ஆளில்லாத வகுப்பறையில் ஒத்திகை பார்த்தேன். அவருக்கு நெடுநாள் ஆசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"ஐயா, உங்க மாட்டுக்கு ரெக்கை முளைச்சிருக்கே!" என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட மாடு இல்லையே" என்றார்.

"சார், ஆமாம்னு சொல்லணும்."

"சரி, இருக்கு."

"அதுக்கு ரெக்கை முளைச்சிருக்கு."

"அப்படி எல்லாம் முளைக்காது தம்பி. நீங்க சரியா பார்க்கல."

சட்டத்தை மறுபடி விளக்கினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த காட்சியில் நான் மூழ்குகிற கப்பலின் கேப்டன். "தண்ணி உள்ளே வந்துருச்சு!" என்றேன். "பயப்படாதீங்க, வெளியே போயிரும்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பழகுகிறவர்களின் காரில் அவர் காலுக்கு அடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் அழுத்துவது அவர் வேலை. எங்கள் ஆட்டமோ ஆபத்தை நோக்கியே ஓட்டுகிற ஆட்டம்.

அன்று நான் எதைச் சொன்னாலும் உப்புச் சப்பில்லாமல் விழுந்தது. வழக்கமாகச் சிரிப்பு வாங்குகிற முகத்தை எல்லாம் காட்டினேன். அவர் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கமோடு ராஜாவையே நான் கொண்டுவரவில்லை. நான் வெறும் ராஜா என்று வந்து மேடையில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன். மச்சான்தான் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "மன்னா, இதிலாவது மனசு ஒட்டுகிறதா, உட்கார்ந்து கண்ணை மூடிப் பாருங்கள்" என்றான். நான் சொன்ன கதையை ஞாபகம் வைத்திருந்து, சரியான இடத்தில் என் கையில் கொடுத்தான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத்தான் செய்திருக்கிறான். என்னைச் சிரிப்புக்காரன் ஆக்கி வைத்திருக்கிறான். அதை ஒரு நாளாவது சொன்னானா, திருட்டுப் பயல்!

அதற்கு அப்புறம் அவனை விட எனக்கு மனசு வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சட்டத்தை வைத்துத்தானே என்னை மடக்கினான்? அதே சட்டம் அவனுக்கும் உண்டு. மேடையில் நான் போகாதே என்றால் அவன் ஆமாம் போட்டே ஆக வேண்டும். போட்டால், போட்டதுதான். அவன் சொன்ன சொல்லிலிருந்து மாறுகிறவன் இல்லை. வீட்டில் வைத்துச் சொன்னால் என் மனைவி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மேடையில் வைத்துச் சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்?

கடைசி நிகழ்ச்சிக்கு நிற்க இடமில்லை. செய்தி பரவியிருந்தது. என் மனைவி முன்வரிசையில், பக்கத்தில் மச்சானின் மனைவி. "எந்த இடம்?" என்று கேட்பதற்குள் பாதிப் பேர் "பல் டாக்டர்!" என்று கத்தினார்கள். மச்சான் ஒரு நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்து, அதைத் தட்டிக் காட்டினான். நான் போய்ச் சாய்ந்தேன்.

"வாயை நல்லா தொறங்க."

திறந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, சனத்தின் பக்கம் திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டான். முதல் சிரிப்பு.

"எத்தனை நாளா வலிக்குது?"

"ஆ ஆ ஆ."

"ரெண்டு வாரமா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஆஆ ஆ ஆஆ."

"வீட்டுல நல்ல பேரு வாங்கிட்டீங்க, கெடுத்துக்க வேணாம்னா?"

நான் நிஜமாகவே திடுக்கிட்டேன். சனம் புரண்டு சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் என்ன "ஆ" போட்டாலும் அவன் அதை ஒரு வசனமாக்கினான். வாயைத் திறந்து வைத்திருப்பது மட்டும்தான் என் வேலை, கைதட்டல் எனக்கு விழுந்துகொண்டிருந்தது. இதைவிட நன்றாக எங்கள் பதினைந்து வருஷக் கதையை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

"இந்தப் பல்லுதான்" என்றான். விரலை என் கன்னத்தில் வைத்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எடுத்துடலாம். எடுத்த புதுசுல நாக்கு அந்த இடத்தைத் தேடிக்கிட்டே இருக்கும். அப்புறம் பழகிடும்."

நான் வாயை மூடினேன்.

"தொறங்க சார்."

"தொறக்க மாட்டேன். எடுக்காதே." சிரித்தார்கள். "இந்தப் பல்லு இல்லைன்னா எனக்கு பேச வராது. இத்தனை நாளா நான் பேசறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன், இதுதான் பேசியிருக்கு. நீ போகாதேடா."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மச்சானின் விரல் என் கன்னத்திலேயே நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப்போல மறுநாள் காலை வரைக்கும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"சரி மாமா" என்றான். "போகல."

சனம் கைதட்டியது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை அவன். திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிடுவான். கட்டின சாமானை எல்லாம் அவிழ்ப்பார்கள். சனிக்கிழமை வந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவான். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டான். கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது சட்டப்படி நான் ஆமாம் போட வேண்டும். மச்சான் காத்திருந்தான்.

"இல்ல" என்றேன்.

"என்ன மாமா இல்ல?"

"நீ போற. அன்னைக்கு சிங்கம் சொன்னப்போ எனக்கு ஒண்ணுமே புரியலடா. கண்ணுல ஒண்ணும் வெச்சுக்கல, கைதட்டலுக்காக வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீ நிஜமா போறேன்னு மறுநாள் உங்கக்கா சொல்லித்தான் தெரியும். இப்ப புரிஞ்சு சொல்றேன். போயிட்டு வா."

அறையில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. அப்போது முன்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள்.

"என்ன, புரியலையா? அப்ப அன்னைக்கு என்கிட்ட 'நான்தான் தைரியமா போன்னு சொன்னேன்'னு சொன்னது யாரு? அதை நம்பி நான் கோயில் கோயிலா உங்களைப் புகழ்ந்துட்டு வந்தேனே!"

அறை வெடித்தது. சிங்கத்துக்கு விழுந்த சிரிப்பெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் ஒரு வார்த்தைகூடச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மச்சான் மெல்ல எழுந்து, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு என் கன்னத்தில் விரலை வைத்தான்.

"அப்ப எடுத்துடலாமா மாமா?"

நான் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தேன்.